ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?



நம் பிள்ளைகளில் ஒருவன் மருத்துவமோ சட்டமோ கணக்கியலோ படிக்கிறான் என்றால், படித்து முடித்த பின் அவன் என்ன செய்வான் என்பது நமக்கு விளங்குகிறது. ஆனால் "நான் நிலச்சொத்துப் படிப்புக்குப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், "அதென்ன, வீடு விற்கிற ஏஜெண்டு வேலைக்கா இத்தனை வருஷம் படிக்க வேண்டும்?" என்று கேட்டு விடுகிறோம். அவன் பட்டம் பெற்று வந்து முதல் மாதத்தில் சற்றே தடுமாறினாலோ, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்னும் பழமொழியை எடுத்து அவன் தலையில் போட்டு விடுகிறோம்.

நானும் அவ்வாறு சொன்னவன்தான். மத்ரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். அப்படிச் சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அறியாமை என்பதைப் பிற்பாடு என் கைப்பணத்தைச் செலவழித்தே தெரிந்துகொண்டேன். அந்தச் செலவு பிறருக்கு வராதிருக்கட்டும் என்றே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். இப்படிப்பு எத்தகையது, அது ஒரு பிள்ளையை எதுவரை வேலைக்குத் தயார் செய்கிறது, எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது, எஞ்சியதை யார் கற்பிக்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகக் கவனிப்போம்.

படிப்பும், அதன் பிறகு வரும் இரண்டு ஆண்டும்

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகம், ஜொகூரிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஷா ஆலாமிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் இப்படிப்பு நடைபெறுகிறது. நிலச் சட்டம், கட்டடம் கட்டும் முறை, நகரத் திட்டம், பொருளியல், வரி, சொத்து நிர்வாகம், எல்லாவற்றிற்கும் மேலாக மதிப்பீடு, அதாவது ஒரு நிலத்துக்கோ கடைக்கோ என்ன விலை தகும், என்ன வாடகை தகும் என்று காணும் கலை, ஆகியவற்றை மாணவர் கற்கின்றனர். இடையில் சில மாதங்கள் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கும் அனுப்பப்படுகின்றனர்.

நம்மவர் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்றுண்டு. பட்டம் வாங்கிய மறுநாளே ஒருவன் மதிப்பீட்டாளர் ஆகிவிடுவதில்லை. நம் நாட்டில் 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டம் இத்தொழிலை ஆள்கிறது. அச்சட்டத்தின் கீழுள்ள வாரியத்தில் பட்டதாரி முதலில் பயிற்சி மதிப்பீட்டாளராகப் பெயர் பதிய வேண்டும். பதிவு பெற்ற ஒரு மதிப்பீட்டாளரின் கீழ் இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும். அதன் பிறகு தொழில் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அப்போதுதான் தன் பெயரில் கையெழுத்திட்டு மதிப்பீட்டு அறிக்கை கொடுக்கலாம்.

வீடு காட்டி, வாங்குவோரையும் விற்போரையும் சேர்த்து வைக்கும் பேச்சாளர் வேறு. அவருக்கு இரண்டு நாள் வகுப்பும், ஒரு நிறுவனத்தின் கீழ்ப் பதிவும் போதும், பட்டம் கட்டாயமில்லை. அவரும் ஹலாலாக உழைத்துச் சம்பாதிப்பவரே. ஆயினும் இருவரையும் ஒன்றாக எண்ணி, "இதற்கா இத்தனை வருஷம்?" என்று கேட்பது பொருந்தாது.

இந்த இரண்டு ஆண்டு வழக்கம் எங்கிருந்து வந்தது? லண்டனில் 1868-இல் சர்வேயர்கள் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்தனர். அக்காலத்தில் இத்தொழிலைக் கற்பதென்றால் ஒரு மூத்தவரிடம் சீடனாகச் சேர்வதுதான் வழி. 1919-இல் அங்கே இதற்கென ஒரு கல்லூரி ஏற்பட்டபோதும், அது வேலையில் இருந்தவர்களுக்குத் தபால் மூலம் பாடம் அனுப்பிற்று. பகலில் வேலை, இரவில் ஏடு. வேலையும் ஏடும் ஒரே சமயத்தில் நடந்தன. பின்னர் பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தை ஏற்றுக்கொண்டபோது ஏடு முன்னாலும் வேலை பின்னாலும் ஆயின. ஆகவே பட்டத்துக்குப் பிந்திய இரண்டு ஆண்டு வீண் காலதாமதம் அன்று. முன்பு கூடவே இருந்து இடையில் பிரிந்துபோன பாதிப் பாடம் அது.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். எழுத்தைக் கிதாபில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதன் உச்சரிப்பை உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டே ஆக வேண்டும். கிதாபு இல்லாவிட்டால் உஸ்தாது எதைத் தொட்டுக் காட்டுவார்? உஸ்தாது இல்லாவிட்டால் கிதாபு பேசுமா?

ஏடு கற்றுத் தரும் கணக்கு

மதிப்பீட்டில் ஐந்து முறைகள் உண்டு. அண்டையில் விற்றதோடு ஒப்பிடுவது ஒன்று; வரும் வாடகையிலிருந்து விலையைக் காண்பது ஒன்று; கட்டுவதற்கு ஆகும் செலவைக் கொண்டு காண்பது ஒன்று; கட்டி முடித்தால் கிடைக்கும் விலையிலிருந்து செலவைக் கழித்து வெறும் நிலத்தின் விலையைக் காண்பது ஒன்று; ஹோட்டல், எண்ணெய் நிலையம் போன்றவற்றுக்கு வியாபாரத்தின் இலாபத்தைக் கொண்டு காண்பது ஒன்று.

வாடகையிலிருந்து விலையைக் காணும் முறையை உதாரணத்துடன் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கடைவீட்டுக்கு மாத வாடகை 3,500 வெள்ளி என்க. ஆண்டுக்கு 42,000. நிலவரி, கதவு வரி, பழுதுபார்ப்பு, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு 6,000 போனால் மீதி 36,000. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வந்தால் போதும் என்று வாங்குபவர் நினைத்தால், 36,000-ஐ 20-ஆல் பெருக்க வேண்டும். விலை 720,000 வெள்ளி.

இன்னொன்றையும் கேளுங்கள். கடையின் முகப்பு பின்பக்கத்தைவிட மதிப்பு மிக்கது என்பது நமக்குத் தெரியும். சரக்கை எங்கே அடுக்கினால் விற்கும் என்பது நமது அன்றாட அனுபவம். பிரிட்டிஷ் மதிப்பீட்டு ஏடு அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முகப்பிலிருந்து முதல் 20 அடிக்கு முழு மதிப்பு. அடுத்த 20 அடிக்கு அதில் பாதி. அதற்கும் பின்னால் உள்ளதற்குப் பாதியிலும் பாதி. ஏடு எழுதியவர்கள் கடைத்தெருவை நன்றாகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிள்ளையை, ஒன்றும் அறியாதவன் என்று தள்ளிவிட முடியாது.

ஏட்டில் இல்லாத எண்

நிற்க. என் ராத்தாவின் மகன் 2016-இல் இப்படிப்பை முடித்தான். ஒரு மதிப்பீட்டு அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். அவன் முதன்முதலில் எழுதிக் கொடுத்தது ஒரு குறுக்குத் தெருக் கடைவீட்டின் அறிக்கை. மேலதிகாரி அதைச் சிவப்புப் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து உட்கார்ந்தவன், "மாமு, இந்த வேலை எனக்கு ஆகாது. வேறு எங்காவது சேர்ந்துவிடுகிறேன்" என்றான். நாலு வருஷம் ராத்தா அவனுக்காகத் தையல் தைத்தது என் கண் முன்னே நின்றது.

அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். மேலே நான் சொன்ன அதே கணக்கு. கூட்டலிலும் பெருக்கலிலும் ஒரு பிழையும் இல்லை. "இந்த 3,500 எங்கிருந்து வந்தது, தம்பி?" என்று கேட்டேன். பக்கத்துக் கடைகளில் மாட்டியிருந்த "வாடகைக்கு" என்னும் விளம்பரப் பலகைகளைப் பார்த்து எழுதினேன் என்றான்.

சகோதரர்களே, பலகையில் எழுதியிருப்பது கேட்கும் வாடகை. கொடுக்கும் வாடகை அன்று. 3,500 கேட்ட உரிமையாளர் பேச்சுவார்த்தையில் 3,000-க்கு இறங்குவார். கடையைச் சீர் செய்துகொள்ள முதல் மூன்று மாதம் வாடகை இல்லை என்றும் விடுவார். மூன்று ஆண்டுக்கு 36 மாத வாடகை 108,000 வெள்ளி. மூன்று மாதத்துக்கு 9,000 போனால் 99,000. அதை 36-ஆல் வகுத்தால் உண்மையான வாடகை மாதம் 2,750 வெள்ளியே. ஆண்டுக்கு 33,000, செலவு 6,000 போக 27,000, 20-ஆல் பெருக்க 540,000 வெள்ளி. அவன் எழுதியது 720,000. இடையில் 180,000 வெள்ளி! அந்த அறிக்கையை நம்பி ஒரு வங்கி கடன் கொடுத்திருந்தால், அல்லது ஒரு வியாபாரி தன் ஆயுள் சேமிப்பைப் போட்டிருந்தால் என்ன கதி?

அதோடு முடியவில்லை. நூற்றுக்கு 5 என்று வைத்தானே, அது ஏன் 5? குறுக்குத் தெரு, பழைய கட்டடம், காலியாகக் கிடந்தால் மறுபடி ஆள் வர நாளாகும் என்று வாங்குபவர் நினைத்தால் நூற்றுக்கு 6 வேண்டும் என்பார். அப்போது அதே 27,000-க்கு விலை 450,000 ஆகிவிடும். ஒரே ஒரு சதவீதம் 90,000 வெள்ளியை விழுங்கிவிடுகிறது. பெருக்கும் முறை ஏட்டில் இருக்கிறது. எதைப் பெருக்குவது என்பது தெருவில் இருக்கிறது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

விற்ற விலைகளாவது சொத்து மாற்றத்தின்போது அரசாங்க மதிப்பீட்டு இலாகாவுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியுண்டு. கடை வாடகை அப்படியன்று. கொடுப்பவரும் வாங்குபவரும் வாய் திறந்தாலொழிய உண்மைத் தொகை வெளியே வருவது அரிது. அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் யார்? நாம்தான்.

அன்று தொடங்கி மூன்று மாலைப் பொழுது, கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு அவனைத் தெருத் தெருவாக அழைத்துச் சென்றேன். மேற்கே பார்த்த கடைகளில் பிற்பகல் வெயில் ஏறி, சரக்கு நிறம் மங்குவதையும், ஆட்கள் எதிர் வரிசை நிழலில் நடப்பதையும் காட்டினேன். ஒருவர் தம் ஐந்தடியை உயர்த்திக் கட்டியதால், நடப்பவர்கள் அங்கே தெருவில் இறங்கி அடுத்த இரண்டு கடைகளையும் பார்க்காமலே போய்விடுவதைக் காட்டினேன். மழை வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரின் கறை சொல்லும் என்றேன். லாரி நிறுத்திச் சரக்கு இறக்க இடமில்லாத கடை, மளிகைக்கு ஆகாது, தையற்காரருக்கு ஆகும். மாடிக்குப் போகும் படி கடைக்குள்ளேயே இருந்தால் மாடியைத் தனியே வாடகைக்கு விடுவது கஷ்டம். இவற்றையெல்லாம் அவன் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். திருத்திய அறிக்கையை மேலதிகாரி ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டுப் பயிற்சியையும் முடித்து, தேர்விலும் தேறி, இன்று தன் பெயரில் கையெழுத்திடுகிறான்.

நான் கட்டிய அபராதம்

இதுவரை படித்தவர்கள், பார்த்தீர்களா, படித்தவனுக்குக் கடைக்காரன்தான் பாடம் சொன்னான் என்று எண்ணக் கூடும். கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டியது என் கடமை.

அவன் பட்டம் வாங்கி வந்த வாரமே என் கல்லாவருகில் நின்று, "மாமு, இந்தக் கடையின் வாடகை ஒப்பந்தம் எங்கே?" என்று கேட்டான். நான் மாதச் சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினேன். "இது பணம் கட்டிய ரசீதுதான். இதை வைத்து நீங்கள் மாத வாடகைக்காரர். ஒரு மாத நோட்டீசில் எழுப்பிவிடலாம்" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி நான் சிரித்தேன். "அத்தா காலத்திலிருந்து இருக்கிறோம். முதலாளி எங்களை எழுப்புவாரா? ஏட்டுச் சுரைக்காயை ஏட்டிலேயே வை" என்றேன். பையன் முகம் சிறுத்துப் போய்விட்டது.

2019-இல் அந்த முதலாளி மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் கட்டடத்தை விற்றார்கள். வாங்கியவரிடமிருந்து இரண்டு மாதத் தவணையில் கடிதம் வந்தது. சட்டப்படி அவர் செய்தது தவறன்று. அலமாரிகளுக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் தரைக்கும் நான் செலவழித்திருந்த 18,000 வெள்ளியில் திரும்பி வந்தது சொற்பமே. அதைவிட, பழகிய வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் புதிய இடத்துக்கு வரவில்லை. நான் சிரித்த சிரிப்பின் விலை அது.

பினாங்கில் நம்மவர் பலர் எழுத்தில்லாமல் கடை நடத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்குள் கட்டி முடிந்த கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்குக் குடைபோல் இருந்தது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ ஆளை எழுப்பவோ முடியாது. காகிதம் இல்லாவிட்டாலும் சட்டம் காத்தது. 1997-இல் அச்சட்டம் ரத்தாயிற்று. தவணைக் காலம் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது ஜார்ஜ் டவுனில் பலர் பழைய கடைகளையும் வீடுகளையும் விட்டு வெளியேறினார்கள். குடை மடங்கிற்று, குடையின் கீழ் நடந்த பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. பெரியவர்கள் எழுத்தில்லாமல் இருந்ததைப் பார்த்து நாமும் இருந்தோம். அவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் நின்றது என்பதை நான் மறந்துபோனேன். படித்த பையன் மறக்கவில்லை.

அவனிடமிருந்து நான் கற்ற நிலச் சட்ட விஷயம் ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி, மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வாடகையைக் குத்தகையாக நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேற்படாததைப் பதிய வேண்டியதில்லை. ஆயினும் நிலத்தின் கிராண்டில் அதை ஒரு குறிப்பாக எழுதச் செய்யலாம். அவ்வாறு குறிக்கப்பட்ட வாடகை, பிற்பாடு கட்டடத்தை வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். அதாவது கட்டடம் கை மாறினாலும் தவணை முடியும்வரை கடை உங்களுடையது. கிராண்டு உரிமையாளரிடமோ வங்கியிடமோ இருக்குமாதலால், ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்ளுதல் நலம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுதலும் அவசியம்; கட்டாத காகிதத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

இப்போதைய கடைக்கு நான் இம்முறையில்தான் ஒப்பந்தம் செய்திருக்கிறேன். வழக்கறிஞரிடம் போகுமுன் ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துக் காட்டியவன் அந்தப் பையன்தான்.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே, பல்கலைக்கழகம் பிள்ளையை வேலைக்குத் தயார் செய்கிறதா என்று கேட்டால், பாதி செய்கிறது என்பதே என் பதில். அந்தப் பாதி அற்பமானதன்று. அது இல்லாமல் நான் பட்டதைச் சொல்லிவிட்டேன். மற்றப் பாதியை நிறைவு செய்யப் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

பெற்றோருக்கு: இப்படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும்போது பல்கலைக்கழக ஆண்டுகளோடு பயிற்சி ஆண்டு இரண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பட்டம் வாங்கிய ஆண்டிலேயே பெரும் சம்பளத்தை எதிர்பார்த்து அவனை வேறு வேலைக்கு விரட்டாதீர்கள். நாலு வருஷம் விதைத்துவிட்டு அறுவடைக்கு முன் வயலை விற்பதற்கு அது சமம். எந்தப் பாடத்திட்டம் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றது என்பதைச் சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாணவருக்கு: விடுமுறை நாளில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் மழையிலும் நடந்து பாருங்கள். எந்தக் கடை எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது, ஏன் பூட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். கேட்கும் வாடகையையும் கொடுக்கும் வாடகையையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். முதல் அறிக்கை சிவப்புக் கோட்டுடன் திரும்பி வந்தால், உஸ்தாது உச்சரிப்பைத் திருத்துகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வியாபாரிகளுக்கு: இப்படிப்புப் படிக்கும் பிள்ளை உங்கள் கடைக்கு வந்து வாடகை, அளவு, பழுதுச் செலவு ஆகியவற்றைக் கேட்டால் விரட்டாதீர்கள். பெயரை வெளியிடக் கூடாதென்று சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்; அவன் அதை அமானத்தாகக் காக்கட்டும். அவன் கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் யோசித்தும் பாருங்கள். "ஒப்பந்தம் எங்கே?" என்று அவன் கேட்டால் சிரிக்காமல், உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தம் இருந்தால் அதன் தவணை எப்போது முடிகிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த மாதமே முதலாளியிடம் போய்ப் பேசுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்தான். ஆனால் சுரை விதையை எப்போது ஊன்ற வேண்டும், எப்படிப் பந்தல் போட வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் நம்மிடம் இருக்கின்றன. பிள்ளைகள் ஏட்டோடு நம் வாசலுக்கு வரும்போது, உள்ளே அழைத்து உட்காரச் சொல்வோமாக.